கண்ணை மூடத் தெரியாதவள்

எங்கள் மாதா கோயிலில் தியானம் என்றால் மைக் செட் இருக்கும். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வருவார். சாயங்காலம் ஆனால் தொண்டை கிழியப் பிரசங்கம், நடுநடுவே பாட்டு, கைத்தட்டல், கடைசியில் பெண்கள் பக்கம் ஒரே அழுகை. அழுது முடித்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டால் மனசு லேசாகிவிடும். எங்களுக்குத் தெரிந்த தியானம் அவ்வளவுதான். அதனால் பாண்டிச்சேரி டாக்டர் என் வீட்டுக்காரரிடம், "தினமும் கொஞ்ச நேரம் தியானம் பண்ணுங்க" என்றபோது அவர் உண்மையாகவே குழம்பிப்போய், "அதுக்குத் தவக்காலம் வரணுமே சார்?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "இது முதல் தடவை. லேசா வந்துட்டுப் போயிடுச்சு. அடுத்த தடவையும் இப்படியே போகும்னு சொல்ல முடியாதும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நோயாளி அவர், அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த வீட்டில் யாரிடம் சொன்னால் காரியம் நடக்கும் என்று டாக்டர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. நான் வீட்டில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். கோபத்தில் எங்கள் இருவருக்கும் போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார்கள் என்று தெருவே பந்தயம் கட்டும். அவர் கோபம் பெரியது, சீக்கிரம் அடங்கிவிடும். என்னுடையது சின்னது, ஆனால் நாள் கணக்கில் புகையும். 2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் உள்ளே வந்து உப்பளத்தை முழுக்கச் சேறாக்கிவிட்டுப் போனது. பாத்தி ஒவ்வொன்றையும் திரும்பவும் மிதித்துச் சமன் செய்து, வரப்பு கட்டி, தண்ணீர் ஏற்றி, முதல் உப்பை வாருவதற்குள் அந்த மனிதர் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கோடையில்தான் ஒருநாள், லோடு ஏற்ற வந்த லாரிக்காரன் புதிதாகக் கட்டிய வரப்பின்மேல் பின்சக்கரத்தை ஏற்றிவிட்டான். இவர் அவனைத் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. மேஸ்திரி யாரையோ கிண்டலாக நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து, உப்புக் கூடை தூக்கும் பெண்கள் சிரித்தார்களாம். கை தொங்கிப் போனதைப் பார்த்த பிறகுதான் ஓடி வந்து பிடித்திருக்கிறார்கள். அதே லாரியில்தான் பாண்டிக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டியவனும் அதே லாரிக்காரன்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கை திரும்பி வந்தது. பேச்சும் வந்தது. ஆனால் நான் பழைய ஆளாகத் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் இருந்தார். ஒருநாள் காலையில் தன் மனைவியிடம் காப்பி கேட்டார். அந்த அம்மா ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்தாள். அவர் தூங்குகிறார் என்று நினைத்து, ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். போர்வை அசையவில்லை என்பதை நான்தான் முதலில் பார்த்தேன். அதை அவளிடம் எப்படிச் சொன்னேன் என்று இப்போது எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்தாலும் என் கண் அவர் நெஞ்சுக்குப் போய்விடும். பனியன் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொல்லவே இல்லை.

கடல் வந்துபோன பிறகு எங்கள் பக்கம் பலபேர் வந்தார்கள். அரிசி கொடுத்தார்கள், பாய் கொடுத்தார்கள், வலை கொடுத்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு கன்னியாஸ்திரி, கோயிலை ஒட்டிய பங்கு ஹாலில் சனிக்கிழமை தோறும் தியானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் தனியா போவ மாட்டேன். பொம்பளைங்க கூட்டம் அது. நீயும் வா" என்றார். மாத்திரை போட, உப்பைக் குறைக்க, வெற்றிலையை விட எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனிதர் இதற்கு மட்டும் அடம் பிடித்தார். உப்பளத்து மேஸ்திரிக்கே உப்பு ஆகாதாம் என்று ஊரே ஏற்கெனவே சிரித்து ஓய்ந்திருந்தது. இதற்கு வேறு சிரிப்பார்கள் என்று பயம். சரி என்று நானும் போனேன்.

சிஸ்டர் சின்ன உருவம், எப்போதும் லேசான இருமல். "முதுகை நேரா வச்சுக்குங்க. கண்ணை மூடுங்க. மூச்சு உள்ள வருது, வெளிய போகுது. அதை மட்டும் பாருங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார். கேட்க எவ்வளவு சுலபமாக இருந்தது. ஹாலில் பாய் விரித்து முப்பது நாற்பது பேர் உட்கார்ந்தோம். முடிந்ததும் என்ன தெரிந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருத்தி கால் மரத்துப்போச்சு என்றாள். ஒருத்தி அடுப்பை அணைத்தோமா என்றே நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் முறை வந்தது.

"வெள்ளையா ஒரு வெளிச்சம் சிஸ்டர். பளபளன்னு. கண்ணை மூட மூட ஜாஸ்தி ஆவுது" என்றார்.

சிஸ்டர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "முதல் நாளேவா? நான் எத்தனை வருஷமா உட்கார்றேன், எனக்கே அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தார். மீன்காரப் பெரியம்மா ஒருத்தி இவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். இவரும் இல்லை என்று சொல்லாமல் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

"சிஸ்டர், அவரு விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்குப் போயி, வெயில் ஏறுற வரைக்கும் அந்த வெள்ளையையே பார்த்துட்டு நேரா இங்க வந்திருக்காரு. எங்க ஊர்ல பாதிப் பேருக்குக் கண்ணை மூடினா அதான் தெரியும்" என்றேன்.

"ஆமாம் சிஸ்டர், எனக்கும் தெரிஞ்சுது. நான்தான் சொல்லல" என்றாள் உப்பு வாரும் ஒருத்தி. அதன் பிறகு ஹாலில் கிளம்பிய சிரிப்பில் சிஸ்டர்தான் அதிகம் சிரித்தார், இருமல் வந்து தண்ணீர் குடிக்கும் அளவுக்கு. வீட்டுக்கு வரும் வழியில் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் என்னைப் புனிதரா இருக்க விட்டியா நீ?" என்றார். இருபது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவரைப் புனிதராகப் பார்த்த ஒரே கூட்டத்தை நான் கலைத்துவிட்டேன்.

விடியற்காலையில் உட்காருவதுதான் நல்லது என்றார் சிஸ்டர். எங்கள் ஊரில் விடியற்காலை என்பது உப்பளத்தின் நேரம். வெயிலுக்கு முன்னால் வாரினால்தான் உண்டு. அதனால் அவர் வேலை முடித்து வந்து, குளித்து, பழைய சோறு சாப்பிட்டு, கண்ணின்மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்ச நேரம் படுப்பார். அந்த வெள்ளை மங்கிய பிறகு நடுவீட்டில் பாய் விரித்து இருவரும் உட்காருவோம். ஊரெல்லாம் கண் விழித்து, பாத்திரம் உருட்டி, சண்டை போட்டு, மீன் விற்கிற நேரம். முதல் நாள் சத்தம் வருகிறதே என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரி, "யக்கா, அண்ணனுக்கு உடம்பு நல்லாவே தேறிடுச்சு போல" என்றதும்தான் உறைத்தது. பட்டப்பகலில் புருஷனும் பெண்டாட்டியும் கதவைச் சாத்தினால் தெருவுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். வெட்கத்தில் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரிடம் சொன்னால் அவர் மீசையைத் தடவுகிறார்.

அடுத்த நாளிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அது அதைவிட மோசமாகப் போனது. எங்கள் பக்கம் ஒரு பெண் சுவரோரம் பாயில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்றால் ஒன்று வீட்டில் சாவு, இல்லை என்றால் புருஷனோடு சண்டை. இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் சண்டை பெரிசு. எதிர்வீட்டுக்காரி நாலைந்து நாள் பார்த்திருக்கிறாள். நல்ல மனசு அவளுக்கு. நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வானூரில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். டி.வி.எஸ். ஃபிஃப்டி வந்து வாசலில் நின்றது. அண்ணன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"இன்னா மாப்ள இது? இப்பதான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்திருக்கீங்க. அதுக்குள்ள இன்னா சண்டை? ஏம்மா, நீயாவது வாயை அடக்க வேணாமா?"

கடைசிக் கேள்வி எனக்கு. நான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாயைத் திறந்தேன். அதன் பிறகு தெருவுக்கே கேட்கும்படி ஒரு நிஜமான சண்டை நடந்தது, எனக்கும் என் அண்ணனுக்கும். என் வீட்டுக்காரர் மட்டும் கண்ணை மூடி நேராக உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் எனக்குத் தியானம் நல்லா குந்திச்சு என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குச் சோறு போட்டு, விஷயத்தைச் சொல்லி அனுப்பினோம். போகும்போது, "இதுக்குப் பேசாம சண்டையே போட்டிருக்கலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியை மிதித்தார்.

கடைசியில் தையல் மெஷினை இழுத்து வாசல் குறுக்கே போட்டு, அதன் மூடியைக் கவிழ்த்து வைத்தேன். மூடி கவிழ்ந்திருந்தால் டெய்லர் இப்போது தைக்கவில்லை என்று அர்த்தம், எட்டிப் பார்க்கலாம், உள்ளே வரக் கூடாது. அது ஊருக்குப் புரிந்தது. ஆனாலும் கூனிமேட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு மட்டும் பொறுமை இல்லை. மகளுடைய நிக்காவுக்கு ஜாக்கெட் கொடுத்திருந்தார். மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "தொந்தரவு பண்ணலம்மா, நீ துவா முடி. கைக்கு லேஸ் வச்சுடு, அதை மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்" என்பார். அவர் போன பிறகும் லேஸ் போகாது. எந்த நிறம், எவ்வளவு அகலம், உள்மடிப்பு எப்படி என்று கை முழுவதும் தைத்து முடித்துவிடுவேன். மூச்சைப் பார் என்றால் என் மனசு ஜாக்கெட்டின் அக்குளைப் பிரித்து ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போனது. கால் வலி பழகியது. மீன்காரியின் குரல் பழகியது. லேஸ் வந்தால் வரட்டும் என்று விட்டால் அதுவாகவே போனது. சிஸ்டர் சொன்னதெல்லாம் உண்மைதான், ஓடிப்போன மனசைத் திட்டாமல் திரும்பக் கூப்பிட்டால் வருகிறது. நான் வாழ்க்கையில் யாரையும் திட்டாமல் கூப்பிட்டதில்லை என்பதால் எனக்கு அது புதுசாக இருந்தது.

ஆனால் கண் மட்டும் மூடவில்லை. மூடுவேன். ரெண்டு மூச்சு போகும். பக்கத்தில் அவர் இருக்கிறார் என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. அவ்வளவு நன்றாக, அவ்வளவு அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டிருந்தார் அவர். எனக்கு அந்தப் போர்வை ஞாபகம் வந்துவிடும். கண்ணைத் திறந்து அவர் பக்கம் திரும்பிவிடுவேன். பனியன் ஏறுகிறது, இறங்குகிறது. சரி. திரும்ப மூடுவேன். திரும்பத் திறப்பேன். கொஞ்ச நாளில் மூடுவதையே விட்டுவிட்டேன். அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் அவர் தலை தொங்கியதும் பதறிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவர் திடுக்கிட்டு விழித்து, "இன்னா ஆச்சு? மழையா?" என்று எழுந்து ஓடப் பார்த்தார். உப்பு திறந்து கிடக்கும்போது மழை வருவதுதான் அவருக்குத் தெரிந்த பெரிய ஆபத்து. தூங்கிவிட்டிருக்கிறார், அவ்வளவுதான். ரத்த அழுத்தம் குறைவதற்காக உட்கார்ந்த மனிதரை நான் இப்படி அரைமணிக்கொரு தரம் பயமுறுத்திக்கொண்டிருந்தால் எங்கே குறையும்?

சிஸ்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். ஆஸ்பத்திரி, காப்பி, போர்வை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவர் எதையாவது சொல்லிச் சரி பண்ணிவிடுவார் என்று நம்பிப் போயிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால் வலிக்குச் சொல்வேன். தூக்கத்துக்குச் சொல்வேன். இதுக்கு எனக்குச் சொல்லத் தெரியலம்மா" என்றார். பிறகு, "மூட முடியலன்னா மூடாத. திறந்துக்கிட்டே உட்காரு" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எனக்கு அவரை இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது. ஆனால் பயம் அப்படியேதான் இருந்தது.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. அந்த வருஷம் மழை பேய்மழை. உப்பளமும் பக்கத்துக் கழுவெளி ஏரியும் ஒன்றாகித் தண்ணீராக நின்றது. அவர் வீட்டிலேயே இருந்தார், காலையிலும் சாயங்காலமும் உட்கார்ந்தார். பொங்கல் முடிந்து வேலை தொடங்கியபோது அவர் கொஞ்சம் வேறு ஆளாக இருந்தார் என்று உப்பளத்துப் பெண்கள் சொன்னார்கள். பம்ப் செட்டை நிறுத்த மறந்த ஒருவனைப் பார்த்து, இடுப்பில் கை வைத்து, மூச்சை இழுத்து விட்டு, "ஏம்பா, போயி நிறுத்து" என்றாராம். அவன் பயந்துபோய், மேஸ்திரிக்குத் திரும்பவும் என்னவோ வந்துவிட்டது என்று இன்னொரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறான்.

அந்தச் சமயத்தில்தான் சத்தம் ஆரம்பித்தது. ஒருநாள் உட்கார்ந்திருக்கும்போது அவர் மூக்கிலிருந்து 'புஸ்' என்று வந்தது. இழுக்கும்போது ஒரு 'உஸ்', விடும்போது ஒரு 'புஸ்'. முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இன்னாங்க இது, குக்கர் மாதிரி?"

"சிஸ்டர்தான் நல்லா இழுத்து விடச் சொன்னாங்க" என்றார் கண்ணைத் திறக்காமல்.

சிஸ்டர் அப்படிச் சொல்லி எனக்கு ஞாபகமில்லை. இருந்தாலும் ஆம்பளைகளிடம் ஒரு பழக்கம் வந்தால் விடாது என்று விட்டுவிட்டேன். உஸ், புஸ். உஸ், புஸ். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிட்டது. ஒருநாள் மெஷினுக்கு அந்தப் பக்கம் யாரோ "யக்கா, எம்மா நேரமா கூப்புடுறேன்" என்ற பிறகுதான் நான் கண்ணைத் திறந்தேன். திறந்த பிறகுதான் தெரிந்தது, அதுவரை மூடியிருந்தேன் என்று. மீன்காரி வந்து போனதே எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சனிக்கிழமை சிஸ்டரிடம் ஓடிப்போய், "சிஸ்டர், மூடிட்டேன்! தானா மூடிக்கிச்சு!" என்று சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார். ஹாலில் இருந்தவர்களுக்கெல்லாம் எப்படி மூடுவது என்று நான் வகுப்பே எடுத்தேன். விடாமுயற்சி வேண்டும் என்றெல்லாம் சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. சத்தம் குறையவே இல்லை. எனக்கு வேறு பயம் பிடித்தது. இது இளைப்பாக இருக்குமோ, நெஞ்சில் ஏதாவது இருக்குமோ, சொல்லாமல் மறைக்கிறாரோ. கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பார். வாய் கோணும் வரைக்கும் ஒண்ணும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். இழுத்துக்கொண்டு பாண்டிக்குப் போனேன்.

டாக்டர் முன்னாலும் பின்னாலும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். பிரஷர் பார்த்தார். "நெஞ்சு சுத்தமா இருக்குது. பிரஷரும் நல்லா குறைஞ்சிருக்குதே" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சத்தத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தூங்கும்போது வருதா?"

"இல்ல சார்."

"வேலை செய்யும்போது, நடக்கும்போது?"

"இல்ல சார். தியானத்துல உட்காரும்போது மட்டும்தான். நான் பக்கத்துல இருந்தா நல்லா கேக்குது."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். "வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் பேசிக்குங்க" என்று சொன்ன டாக்டரின் உதட்டில் சிரிப்பு இருந்தது. இந்த முறை நான்தான் முழித்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்துகொண்டார். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் கேட்பேன், அவர் சவுக்குத் தோப்பைக் காட்டுவார். கூனிமேட்டில் கூட்டம் இறங்கி பஸ் காலியானதும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"உண்மையைச் சொல்லுங்க. இன்னா அந்தச் சத்தம்?"

"இன்னாத்தச் சொல்றது."

"சொல்லுங்க."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "மழை காலத்துல ஒருநாளு கண்ணைத் தொறந்து பார்த்தேன். நீ என் பனியனையே பார்த்துக்கினு இருந்த. மறுநாளும் பார்த்தேன், அப்பவும் அப்படியேதான் குந்தினு இருந்த. ஒரு நாளு கூட நீ கண்ணை மூடல. எத்தினி நாளைக்குத்தான் இப்படிப் பார்ப்ப? காதுல கேட்டா பார்க்க வேணாம்ல. அதான்."

நான் மூடியதாக நினைத்து ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த அந்தக் கண்ணை இவர்தான் மூடி வைத்திருக்கிறார். மாதக்கணக்கில், தன் தியானத்தைக் கெடுத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகச் சத்தமாக மூச்சு விட்டிருக்கிறார். நான் அவரைக் குக்கர் என்றேன். பஸ்ஸில் அழக் கூடாதே என்று கோபப்பட்டேன். அழாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"அப்ப நீங்களும் கண்ணைத் தொறந்துதான் வச்சிருந்தீங்க. இருங்க, சிஸ்டர்கிட்ட சொல்றேன்."

"சொல்லு. நீ வகுப்பு எடுத்ததையும் சேர்த்துச் சொல்லு" என்றார். கண்டக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். நாங்கள் பஸ்ஸில் அப்படியெல்லாம் உட்காருகிறவர்கள் இல்லை.

மறுநாள் மெஷினை வாசலில் இழுத்துப் போட்டுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்குச் சத்தம் வேணாம். சும்மா விடுங்க" என்றேன்.

"மூடுவியா?"

"மூடுறேன்."

"பயமா இருந்தா?"

"இருக்கட்டும்."

அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். நானும் மூடினேன். ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றியது. எதிர்வீட்டில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். பக்கத்தில் அவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த அம்மாவும் அவள் மடியில் இருந்த ஃபிளாஸ்க்கும் மனசுக்குள் வந்தார்கள். இமை துடித்தது. திறந்துவிட்டால் போதும், ஒரு நொடி வேலை. என் மூச்சு எங்கே இருக்கிறது என்று முதன்முதலாகத் தேடினேன். அது வேகமாக, மேல்மூச்சாக, பயந்த ஆட்டுக்குட்டியைப் போல ஓடிக்கொண்டிருந்தது. அதோடேயே கொஞ்ச தூரம் போனேன். பயம் போகவில்லை. நானும் திறக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, இனி முடியாது என்று நான் நினைத்த இடத்தில், பக்கத்திலிருந்து மெதுவாக ஒரே ஒரு 'புஸ்' வந்தது. அவ்வளவுதான், அதன் பிறகு நாங்கள் எழுந்திருக்கும் வரை அவர் சத்தம் போடவில்லை.